புறாவுக்குக் கேளாத சாட்சி

ஒரு வெள்ளைத் தாள். அதன்மேல் கரிக்கோல் இழுத்த இரண்டொரு மெல்லிய கோடுகள். நீர் கலந்த மையில் தோய்ந்த சிறு தூரிகை அக்கோடுகளின் மீது விரைகிறது. தூரிகை தொட்ட இடம் நிழலாகிறது. தொடாத இடம் ஒளியாகிறது. அருகில் நிற்போர் வியந்து நோக்க, யோர்தான் ஆறும், திருமுழுக்குத் தரும் யோவானும், அதனைப் பெறும் இயேசுவும் அந்தத் தாளின் மேல் எழுந்து நிற்கின்றனர்.

வரைந்தவர் ஒரு பெண். இருபதைத் தொட்டும் தொடாத பருவம். ஊர், இத்தாலி நாட்டுப் போலோஞா. காலம், பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. பெயர், எலிசபெட்டா சிரானி.

இந்த ஒரு தாளை முன்வைத்துச் சில கூற விரும்புகிறோம், தோழர்களே!

மதப் படத்துக்கு இங்கே என்ன மதிப்புரை என்று புருவம் நெரிக்கும் நண்பர்கள் இருப்பார்கள். வானம் திறந்ததாம், புறா இறங்கியதாம், விண்ணிலிருந்து குரல் ஒலித்ததாம். அதை ஒரு நங்கை வரைந்தாராம். அதற்கு ஒரு திறனாய்வா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. விடையும் நேரானது.

பீடத்தின் மேல் மாட்டப்படும் ஓவியம் வேறு. அதற்கென வரையப்படும் முன்வரைவு வேறு. ஓவியத்தின் முன் மெழுகுவர்த்தி எரியும், முழங்கால்கள் மடியும், கைகள் குவியும். முன்வரைவின் முன் எவரும் மண்டியிடுவதில்லை. அது பக்தருக்காகப் பிறந்ததன்று. பணி செய்பவருக்காகப் பிறந்தது. எந்த உருவை எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கமிருந்து ஒளியைப் பாய்ச்சுவது, கூட்டத்தை எப்படிப் பிரித்துக் கண்ணை நடுவுக்கு இழுப்பது என்று ஒரு மூளை தனக்குத் தானே கேட்டுக்கொண்ட கேள்விகளும், ஒரு கை உடனுக்குடன் எழுதிய விடைகளுமே அதில் உள்ளன. பள்ளியில் மாணவன் கணக்குக்கு விடை மட்டும் எழுதினால் நாம் ஏற்பதில்லை. வழியைக் காட்டு என்கிறோம். வழி இருந்தால்தான் விடை அவனுடையது என்பது விளங்கும். முன்வரைவு என்பது ஓவியத்தின் வழிக்கணக்கு. அங்கே அருளும் இல்லை, அற்புதமும் இல்லை. அறிவும் உழைப்பும் மட்டுமே உண்டு. ஆகவேதான் அதைக் காணச் சொல்கிறோம்.

அந்நாளில் கலைஞர்கள் ஏன் மதத்தையே வரைந்தனர் என்பதையும் மறத்தலாகாது. போலோஞா நகர் 1506 முதல் போப்பரசரின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. லூதரும் கால்வினும் எழுப்பிய புயலில் ஐரோப்பாவின் பாதி, கோயில் படங்களைக் கழற்றி எறியத் தொடங்கியபோது, கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து நகரில் கூட்டிய பொதுச்சங்கம் 1563இல் படங்களுக்கு ஆதரவாக முடிவு செய்தது. படிப்பறியாப் பாமரருக்குப் படமே பாடம். ஆகவே படம் தெளிவாக இருக்கவேண்டும், உள்ளத்தை உருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. போலோஞாவின் பேராயர் கபிரியேலே பலெயோத்தி, புனிதப் படங்கள் எவ்வாறு அமையவேண்டும் என்று 1582இல் தனி நூலே வெளியிட்டார். பரோக் கலை என்று இன்று நாம் பெயரிட்டு அழைக்கும் அந்தப் பாணியின் உருக்கமும், ஒளி இருள் விளையாட்டும், விண்ணைப் பிளந்து பாயும் வேகமும் இந்தத் தேவையால் ஊட்டம் பெற்றவை. வாங்குபவர் கோயில், விற்பவர் கலைஞர். கூலி கொடுப்பவன் பொருளைக் குறிப்பான். ஆனால் கையை அவன் குறிக்க முடியாது. பொருள் கோயிலுடையது, கை கலைஞருடையது. அந்தக் கையைத்தான் நாம் பேசுகிறோம்.

எலிசபெட்டா 1638 ஜனவரி 8ஆம் நாள் பிறந்தவர். தந்தை ஜொவான்னி ஆந்திரேயா சிரானி, பெரும்புகழ் ஓவியர் குயிதோ ரேனியின் பட்டறையில் வலக்கையாக விளங்கியவர். நகரத்துக்கு வெளியே இருந்த செர்த்தோசா என்னும் கார்த்தூசியத் துறவியர் மடத்துக் கோயிலுக்கு, இயேசுவின் வாழ்க்கையைச் சித்தரிக்கும் மாபெரும் திரைகள் சில வேண்டப்பட்டன. ஒன்றைத் தந்தை தீட்டினார். மற்றொன்றான திருமுழுக்கு மகளின் பங்காக வந்தது. சுமார் 5 மீட்டர் உயரம்! ஆளுயரத்துக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு! மாதாவையும் குழந்தையையும் சின்னஞ்சிறு சட்டத்தில் தீட்டுவதே பெண்ணுக்குப் போதும் என்று எண்ணிய உலகில், மக்கள் திரளை நிறுத்தவேண்டிய மாபெரும் வரலாற்று ஓவியம் இளநங்கை ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்தச் செய்தி வந்து சேர்ந்த வேளையில் உடனிருந்தவர் கார்லோ சேசரே மால்வாசியா. பிரபுக் குடும்பத்தினர்; பேராலயக் குரு; போலோஞா ஓவியர்களின் வரலாற்றை எழுதி 1678இல் வெளியிட்டவர். அன்று கண்டதை அந்நூலில் அவர் பதிவு செய்துள்ளார். பணி வந்ததும் நங்கை தாளை எடுத்தார். கரிக்கோலால் இரண்டு கீற்று. உடனே நீர்த்த மையில் தூரிகை. ஒரே மூச்சில் கோடும் நிழலும் ஒளியும் சேர்ந்தே பிறந்துவிட்டன. பெரும் ஆசான்களுக்கே உரிய முறை இது, கைக்கொண்டவர் சிலரே, தந்தையே கைக்கொள்ளாத முறை என்றும் அவர் சொல்கிறார்.

இந்த முறை எத்தகையது என்பதை ஓவியம் பயிலாத தோழர்களும் உணரவேண்டும். எழுதுகோல் கொண்டு வரைபவர் முதலில் எல்லைக் கோட்டை அமைப்பார்; பிறகு கோட்டுக்குள்ளே நிழலை நிரப்புவார். தவறினால் இன்னொரு கோட்டை இழுத்துச் சரிசெய்வார். நீர்த்த மை அப்படிப்பட்ட இரக்கம் காட்டாது. தாளில் விழுந்த துளி உடனே ஊறும். ஊறியதைத் துடைத்து எடுக்க முடியாது. வெண்மைக்குத் தனி வண்ணம் இல்லை. தாளின் வெண்மையே ஒளி. எந்த இடத்தைத் தொடாமல் விடவேண்டும் என்பது தூரிகை இறங்கும் முன்பே உள்ளத்தில் முடிவாகியிருக்கவேண்டும். தோளின் வளைவு, துணியின் மடிப்பு, தாழ்ந்த முகத்தின் நெற்றி ஆகிய யாவும் வரையப்படுவதில்லை, விடப்படுகின்றன. எழுதியதைவிட எழுதாமல் விட்டதே ஓவியமாகிறது.

சிரானியின் தூரிகை வரைவுகளில் நாம் காணும் சிறப்பும் இதுவே. எல்லைக் கோடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. பழுப்பு நிறத் திட்டுகள், அடர்ந்தும் தளர்ந்தும், ஒன்றையொன்று அணைந்து நிற்கின்றன. அருகே சென்று நோக்கினால் மைக்கறை. சற்று விலகி நோக்கினால் மனிதர்! முகங்களில் கண் என்று எழுதியது ஒரு புள்ளிதான். ஆயினும் அப்புள்ளி யாரைப் பார்க்கிறது என்பது தெரிகிறது. விரைவு இருக்கிறது, விதிர்ப்பு இல்லை. துணிவு இருக்கிறது, திமிர் இல்லை. தெரிந்து செய்பவரின் அமைதி அந்த வேகத்துக்குள் உறைந்து கிடக்கிறது.

இனி, அந்த வேகத்துக்கு உள்ள மற்றொரு பொருளுக்கு வருவோம். வேகமாக வரைந்தார் என்பது மட்டுமன்று. பிறர் பார்க்க வரைந்தார். ஒருமுறை அல்ல, பலமுறை. பிரபுக்களும் பெருமாட்டிகளும் வெளியூர்ப் பயணிகளும் அவர் வீட்டுப் பட்டறைக்கு வந்து நிற்பர். அவர்கள் கண்முன் அவர் தீட்டிக் காட்டுவார். 1664ஆம் ஆண்டு மே மாதம், பின்னாளில் தஸ்கனியின் அரசராகப் பட்டமேறிய மெடிசி இளவரசர் கோசிமோ வந்தபோதும், அவர் எதிரிலேயே தூரிகை பிடித்தார்.

ஏன் இந்தக் காட்சி? கலைக்கூடம் என்ன கழைக்கூத்தாடியின் களமா?

காரணம் உண்டு. இந்த ஓவியங்களை உண்மையில் தீட்டுபவர் தந்தை. விலை கூடும் என்பதற்காக மகளின் பெயரை ஒட்டி விற்கிறார் என்ற பேச்சு ஊரில் உலவியது. ஒரு பெண்ணால் இவ்வளவு இயலுமா? இவ்வளவு விரைவாக, இவ்வளவு பெரிதாக, இவ்வளவு நேர்த்தியாக? இயலாது! ஆகவே எங்கோ ஓர் ஆண் ஒளிந்திருக்கவேண்டும்! இதுதான் அவர்களுடைய தர்க்கம்.

அந்த வாயை அடைக்க அவர் மூன்று சான்றுகளைத் திரட்டினார். முதலாவது, கண்கண்ட சான்று. வந்து பாருங்கள் என்று கதவைத் திறந்துவைத்தார். இரண்டாவது, எழுத்துச் சான்று. 1655 முதல் தம் ஓவியங்கள் ஒவ்வொன்றையும், யாருக்காகத் தீட்டியது என்ற குறிப்புடன், தம் கைப்படப் பட்டியலிட்டு வந்தார். பத்தே ஆண்டுகளில் அப்பட்டியல் ஏறத்தாழ 200 ஓவியங்களாக வளர்ந்தது. மால்வாசியா அதனைத் தம் நூலில் அச்சிட்டுள்ளார். மூன்றாவது, பெயர்ச் சான்று. அவ்வூரின் பேராசானான குயிதோ ரேனியே அரிதாகத்தான் தம் ஓவியங்களில் பெயர் பொறித்தார். சிரானியோ பெயரையும் ஆண்டையும் பொறித்துக்கொண்டே சென்றார். எங்கெங்கே? துணியின் விளிம்பிலே, ஆடையின் பொத்தானிலே, தலையணையின் தையலிலே! 1663இல் அவர் தீட்டிய கன்னி மரியும் குழந்தையும் இன்று வாஷிங்டனில் உள்ள பெண் கலைஞர்களுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதிலே குழந்தை அமர்ந்திருக்கும் தலையணையில், பொன்னிழையால் தைத்தது போல அவர் பெயர் மின்னுகிறது. தாய்மையின் கனிவைப் போற்ற வருவோர் அந்தப் பெயரையும் கடந்துதான் போகவேண்டும்.

தோழர்களே, இங்கேதான் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

அந்தத் தாளில் வரையப்பட்டது என்ன? வானம் பிளந்த கதை. புறா வடிவில் ஆவி இறங்கிய கதை. விண்ணிலிருந்து தந்தையின் குரல் கேட்ட கதை. பதினாறு நூற்றாண்டுகள் கழிந்த பின்னும், அந்தப் புறாவைக் கண்டவர் யார், அந்தக் குரலைக் கேட்டவர் யார், சாட்சி எங்கே என்று போலோஞாவின் வீதிகளில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க நினைத்தவருக்கும் துணிவில்லை. ஆனால் அந்தப் புறாவை ஒரு பெண் வரைந்தாள் என்றவுடனே ஊர் முழுவதும் வழக்கறிஞர் ஆகிவிட்டது! எங்கே சாட்சி? எங்கே ஆவணம்? எங்கே கையெழுத்து? எதிரில் வரைந்து காட்டட்டும்!

வானிலிருந்து புறா இறங்கியதை நம்புவதற்கு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை. ஒரு பெண்ணின் விரல்களிலிருந்து புறா இறங்கியதை நம்புவதற்கு மட்டும் இத்தனை சான்றுகள் தேவைப்பட்டன!

இதை அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. போலோஞா அறியாத ஊரன்று. 1088இல் தொடங்கியதாகக் கருதப்படும், ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக் கழகம் அங்கேதான் உள்ளது. சட்டத்துக்குப் பேர்போன ஊர். மொந்தினோ என்னும் மருத்துவ ஆசான் மனித உடலை அறுத்துக் கண்டதை 1316இல் நூலாக எழுதிய ஊர். சான்று என்றால் என்ன, மெய்ப்பித்தல் என்றால் என்ன என்பதை ஐரோப்பாவுக்கே கற்பித்த ஊர். ஐயம் கொள்ளும் ஆற்றல் அவர்களிடம் இருந்தது. ஆனால் அதை எவர்மேல் செலுத்துவது என்பதில்தான் வஞ்சகம் இருந்தது. வலிமை உள்ளதன் மேல் ஐயம் எழாது. வலிமை அற்றவர் மேல் எழுந்துகொண்டே இருக்கும். அத்தகைய ஐயம் பகுத்தறிவாகாது. பகுத்தறிவின் உடையைத் திருடி அணிந்துகொண்ட பழக்கம் அது.

ஐயப்பட்டவர்கள் இருக்கட்டும், புகழ்ந்தவர்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் அவரை அற்புதம் என்றார்கள். மால்வாசியா உண்மையிலேயே அவரை மதித்தவர். மகளுக்குப் பயிற்சி தரத் தயங்கிய தந்தையை வற்புறுத்தி இணங்கவைத்தவர் தாமே என்று பெருமையோடு சொல்பவர். அவர்கூட அவரது வரைவில் ஆண்தன்மை தெரிகிறது என்றே பாராட்டுகிறார். சிறந்தது எதுவோ அது ஆணுக்குரியது. பெண்ணிடம் அது தென்பட்டால் ஆண்மை அங்கே விருந்துக்கு வந்திருக்கிறது! எதிரி, ஆண் ஒருவர் பின்னால் ஒளிந்திருக்கிறார் என்றான். நண்பர், ஆண் ஒருவர் உள்ளே குடியிருக்கிறார் என்றார். இருவருக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு?

அற்புதம் என்ற சொல் இனிமையான சொல். ஆனால் ஆபத்தான சொல். அற்புதம் என்றால் காரணம் தேடவேண்டியதில்லை. காரணம் தெரியாவிட்டால், அதே காரணங்களை மற்றவர்களுக்கும் கிடைக்கச் செய்யவேண்டிய கடமையும் இல்லை. ஒருத்தியை அற்புதம் என்று போற்றுவது, ஆயிரம் பெண்களுக்குக் கதவைச் சாத்துவதற்கு நாகரிகமான வழி.

நாமோ காரணங்களைத் தேடுவோம். அவர் வீட்டிலே பட்டறை இருந்தது. தாளும் மையும் வண்ணமும் கைக்கெட்டும் தொலைவில் கிடந்தன. வழிகாட்டத் தந்தை இருந்தார். பார்த்துப் பழகப் பெரியோரின் வரைவுகளும் அச்சுப் படங்களும் இருந்தன. லவீனியா பொந்தானா என்னும் ஓவியர், தம் ஓவியங்களால் குடும்பத்தையே தாங்கி, அதே ஊரில் ஏற்கனவே வழி வகுத்திருந்தார். அவர் 1614இல் மறைந்தார். இவையெல்லாம் கிடைத்தவை. கிடைக்காதது எது? ஆண் ஓவியர்கள் உயிருள்ள மனிதனை ஆடையின்றி நிறுத்தி வரைந்து உடலமைப்பைக் கற்றனர். பெண்ணுக்கு அந்தக் கூடத்தின் கதவு அடைத்திருந்தது. ஆற்றில் இறங்கி நிற்கும் ஆடவர் உடல்களை வரையவேண்டிய திருமுழுக்குப் பணியை, ஆடவர் உடலை வரைந்து பழக உரிமையற்ற ஒருவரிடம் உலகம் கொடுத்தது! எல்லைக் கோட்டால் தசையை அளந்து காட்டும் முறையை விட்டு, ஒளியாலும் நிழலாலும் உடலைத் திரட்டும் முறையை அவர் பற்றியதில், இந்த மறுப்புக்கும் ஒரு பங்கு இருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது. தடுக்கப்பட்ட கை வேறு வழி தேடும்; தேடிய வழியே தனி நடையாகும்.

இன்னொரு காரணத்தையும் கூறவேண்டும், அது கசப்பானது. தந்தையின் கைகளை மூட்டுவாதம் முடக்கியது. குடும்பத்தின் உணவு மகளின் தூரிகையிலிருந்து வரவேண்டியதாயிற்று. ஓவியங்களுக்கு வந்த பணம் தந்தையின் கைக்கே போயிற்று. இருபத்தைந்தை எட்டும் முன்பே பட்டறையின் சுமை அவர் தோளில். பத்தாண்டுகளில் 200 ஓவியங்கள் என்னும் கணக்கை வியப்போடு ஒப்பிப்பவர்கள், அதற்குள் இருக்கும் இடுப்புவலியையும் கண்ணெரிச்சலையும் சேர்த்தே கூட்டிப் பார்க்கவேண்டும். திங்களுக்கு ஒன்றரை ஓவியத்துக்கும் மேல்! வேகம் அவருடைய திறமை, உண்மைதான். வேகம் அவர் மேல் சுமத்தப்பட்ட கடமையும் ஆகும்.

குறை காணாமல் புகழ்வது திறனாய்வன்று. வேகத்தின் விலையை ஓவியங்களிலும் காண்கிறோம். அவருடைய மாதாக்கள் பலர் ஒரே அச்சில் வார்த்தவர் போல இருக்கின்றனர்; சாய்ந்த தலை, கவிந்த இமை, சர்க்கரைப் பாகு போன்ற கனிவு. இது குயிதோ ரேனி விட்டுச்சென்ற இனிப்பு. வாங்குவோர் கேட்ட இனிப்பு. செர்த்தோசாவின் பெருந்திரையிலும் மேற்பகுதியில் உள்ள வானுலகம், அந்நாளைய கோயில்கள் பலவற்றில் கண்ட வானுலகமே. அங்கே கை பழக்கத்தால் ஓடுகிறது. கீழே, மண்ணில் நிற்கும் மனிதரை அமைக்கும்போதுதான் சிந்தனை ஓடுகிறது. இந்தக் குறைகள் முன்வரைவுகளில் மிகக் குறைவு. வாங்குபவர் கண் படும் முன்பு, விலை பேசும் முன்பு, விதிகள் குறுக்கிடும் முன்பு கை தன் விருப்பம்போல் நடமாடிய இடம் அது. எனவே அவரை அறிய விரும்புவோர் பீடத்துக்குப் போகும் முன் தாளுக்குப் போகட்டும் என்கிறோம்.

அற்புதம் என்றவர்களுக்கு அவரே விடை சொன்னார்; வாயால் அன்று, செயலால். தம் பட்டறையில் பெண்களுக்குக் கற்பித்தார். தங்கையர் பார்பராவும் ஆன்னா மரியாவும் ஓவியர் ஆயினர். ஜினேவ்ரா காந்தோபோலி என்பவர் ஆசிரியரைவிட வயதில் மூத்தவர்; ஆயினும் இளையவரிடம் கற்க நாணவில்லை. வெரோனிக்கா பொந்தானா மரச்செதுக்கு அச்சில் தேர்ந்தார். கன்னியர் மடத்துச் சுவருக்கு வெளியே, ஓவியர் வீட்டு மகளாகப் பிறவாத பெண்ணும் கற்கலாம் என்றொரு வாயில் அங்கே திறந்தது. அற்புதம் தன்னைப் போல் இன்னொன்றைப் படைக்காது. அதனால்தான் அது அற்புதம். திறமையோ கற்றுக்கொடுக்கக்கூடியது. அவர் கற்றுக்கொடுத்த அன்றே, தாம் அற்புதமல்லர் என்பதை மெய்ப்பித்துவிட்டார். நம் கருத்தில், அவர் திரட்டிய சான்றுகள் மூன்றையும்விடப் பெரிய சான்று இதுவே.

1665 ஆகஸ்டு 28. வயிற்று வலியால் துடித்து அவர் இறந்தார். வயது 27. ஊர் அதிர்ந்தது. இவ்வளவு இளமையில், இவ்வளவு புகழில், தானாக ஒருவர் இறப்பாரா? நஞ்சு! நஞ்சிட்டது யார்? வீட்டில் வேலை செய்த பணிப்பெண் லூசியா தொலொமெல்லி! அண்மையில்தான் வேலையை விட்டுச் சென்றாராம். போதாதா? வழக்குத் தொடரப்பட்டது, அந்த ஏழைப்பெண் விசாரணைக்கு இழுக்கப்பட்டார்.

பாருங்கள், மீண்டும் அதே கதை! ஓவியம் தீட்டிய பெண்ணிடம் மலைபோல் சான்று கேட்ட ஊர், கூலிக்கு உழைத்த பெண்ணைக் குற்றவாளி என்று நம்புவதற்குக் கடுகளவு சான்றும் கேட்கவில்லை. நல்லவேளை, உடலை அறுத்துப் பார்க்கத் தெரிந்த ஊர் அது. மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தனர்; வயிற்றில் துளைகள் தென்பட்டன. அவர்களிடையே கருத்து ஒன்றுபடாவிட்டாலும், லூசியா நஞ்சிட்டார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. இரைப்பைப் புண் முற்றித் துளைத்து, அதனால் ஏற்பட்ட அழற்சியே சாவுக்குக் காரணமாக இருக்கவேண்டும் என்பது அந்தப் பதிவுகளை ஆராய்ந்த பிற்கால அறிஞர் கருத்து. ஓய்வில்லா உழைப்பும் கவலையும் அந்த உடலை எவ்வளவு அரித்தன என்று கேட்க மட்டும் அன்று யாரும் முன்வரவில்லை. நஞ்சுக்கதை சுவையானது அல்லவா? பத்தொன்பதாம் நூற்றாண்டில்கூட அது கதையாகவும் நாடகமாகவும் உலவியது. உழைத்துத் தேய்ந்தாள் என்ற உண்மைக்கு மேடையும் இல்லை, திரையும் இல்லை.

இறந்த பின் ஊர் கண்ணீரை வாரி இறைத்தது. அவ்வாண்டு நவம்பரில் சான் தொமேனிக்கோ கோயிலில் மாபெரும் நினைவு மண்டபம் எழுப்பினர். தூரிகையும் கையுமாக அமர்ந்த அவருடைய ஆளுயரப் பாவையை அதில் வைத்தனர். நீண்ட இரங்கலுரை நிகழ்த்தினர். அடக்கம் செய்த இடம் எது தெரியுமா? குயிதோ ரேனியின் கல்லறை! ரேனி இறந்தது 1642இல். அப்போது எலிசபெட்டாவுக்கு வயது நான்கு. ஒருநாளும் அவரிடம் பாடம் கேட்டவரல்லர். பெருமை செய்வதாக எண்ணித்தான் அங்கே கிடத்தினர். ஆனால் உயிரோடு இருந்தபோது தந்தையின் நிழலில் தேடப்பட்டவர், இறந்தபின் தந்தையின் ஆசான் நிழலில் வைக்கப்பட்டார். பிற்காலத்தில் அவருடைய வரைவுகள் ரேனியுடையவை என்றும் தந்தையுடையவை என்றும் பெயர் மாறிக் கிடந்ததுண்டு. ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக மீட்டெடுத்து வருகின்றனர். அவ்வாறு மீட்பதற்கு இன்று கைகொடுப்பவை எவை? அவர் எழுதிய பட்டியல். அவர் பொறித்த பெயர். தந்தைக்கு இல்லாத அந்தத் தூரிகை நடை. இகழ்வோருக்காகத் திரட்டிய சான்று, மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் அவருக்காக வழக்காடுகிறது!

தலையணையில் பெயர் தைத்த அந்தக் கன்னி மரி, 1994இல் அமெரிக்க அஞ்சல்துறையின் கிறிஸ்துமஸ் தலையாய் வெளிவந்தது. கோடிக்கணக்கான மடல்களில் மாதாவின் முகம் பயணம் சென்றது. ஒட்டியவருள் எத்தனை பேர் அதைத் தீட்டிய கையை எண்ணியிருப்பர்? செர்த்தோசா மடமோ 1801 முதல் நகரின் இடுகாடாக விளங்குகிறது. மடம் போயிற்று, துறவியர் போயினர், திருமுழுக்கு ஓவியம் கோயிலில் இன்றும் நிற்கிறது, 1658 என்ற ஆண்டோடும் எலிசபெட்டா சிரானி என்ற பெயரோடும்.

தோழர்களே, அருங்காட்சியகத்திலோ அச்சேட்டிலோ மதப் படம் ஒன்றைக் காணும்போது முகம் திருப்பிச் செல்லவேண்டியதில்லை. கை கூப்பவும் வேண்டியதில்லை. கேளுங்கள்! இதைச் செய்தவர் யார்? யாரிடம் கற்றார்? யார் காசில் தீட்டினார்? எதைக் கற்க அவருக்குத் தடை இருந்தது? பெயர் போடும் உரிமை இருந்ததா? கூலி யார் கைக்குப் போயிற்று? இந்தக் கேள்விகளைத் தொடுத்தால், வானத்துப் புறா பறந்துவிடும். அதை வரைந்த விரல்கள் தெரியும்.

அந்த விரல்களில் மைக்கறை இருக்கும். அந்தக் கறையை வணங்கவேண்டாம். அடையாளம் கண்டுகொண்டால் போதும்.